என்ஜினுக்கு அடியில் தொங்கிய கப்ளர்

ஜூன் 4, வியாழன்

இந்த வண்டி என் கைக்கு வந்த வருடம் எது என்று மருமகள் கேட்கிறாள். எண்ணில் சொல்ல எனக்கு வராது. ஆற்றுப் பாலம் நடுவில் பிளந்து விழுந்த வருடம். நூல் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்து, சங்கு ஊதாததால் ஊரே நேரம் தெரியாமல் அலைந்த வருடம். அவள் புருஷன், அதாவது என் மகன், தவழ்ந்து வந்து என் சட்டைப் பொத்தானை விழுங்கிய வருடம்.

"அது வெளியே வந்துச்சா மாமா?"

வந்ததை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் அவன் இன்னும் எதற்கெடுத்தாலும் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறான் என்று நினைக்கிறேன். இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள், கடைசியில் ஒருமுறை படித்துக் காட்டுகிறாள். எழுபத்தெட்டு வயதில் மாமனாருக்குக் கல்யாணம் ஆவதை எழுதி வைக்காமல் வேறு எதை எழுதி வைப்பது என்பது அவள் கட்சி. எதிர்வீட்டுத் தையல்காரம்மா சம்மதம் சொல்லிவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி பதிவு அலுவலகம். இன்று காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேனாம். பேரன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் 6, சனி

ஒரு முட்டுக்கட்டை. தையல்காரம்மாவின் அக்கா.

பெரியக்கா என்றுதான் தெருவே சொல்லும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர். தங்கை வீட்டு மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கீழே போகிறவர்களுக்கு ஊசி போடுகிற மாதிரியே பார்ப்பார். இன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன்யா டிரைவரே, உம்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. அந்தப் பிண வண்டி நிக்கிற வாசல்ல என் தங்கச்சி குடித்தனம் பண்ண மாட்டா. வண்டியை வித்துட்டு வா."

அது பிண வண்டி என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும்தான். வாங்கும்போதே ஜன்னல் இல்லை, உள்ளே முழுக்கத் தகரம், தரை ஒரு பக்கமாகச் சாய்வு, மூலையில் தண்ணீர் போக ஓட்டை. எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டதற்குத் தரகர், "கேக்காத, சாவியை வாங்கிக்க" என்றார். வேறு என்ன நினைப்பது?

எனக்கு அதில் குறையும் இல்லை. மெத்தைக் கடைக்கு மெத்தை ஏற்றி இறக்கினேன். இத்தனை காலத்தில் ஒருவர்கூட இரவல் கேட்டதில்லை. ஒரு திருடன் கண்ணாடியை உடைத்துவிட்டு, உள்ளே பார்த்ததும் தன் டார்ச் லைட்டையும் விட்டுவிட்டு ஓடினான். டார்ச் இன்னும் எரிகிறது.

"பிணம் ஏத்துனதை யாரு பாத்தது, அக்கா?" என்றேன்.

"நாப்பது வருஷம் பொணத்துக்கு நடுவுல வேலை பாத்தவ நான். சாய்வுத் தரையும் ஓட்டையும் எதுக்குன்னு எனக்கா தெரியாது? இல்லேன்னா இல்லேன்னு காட்டு. அன்னைக்கு நானே வந்து முன் சீட்ல உக்கார்றேன்."

ஜூன் 7, ஞாயிறு

தையல்காரம்மாவிடம் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னார்கள். "எனக்கு வண்டி மேல பயம் கிடையாது. ஆனா அக்கா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம், டிரைவர்."

வண்டியை விற்கவா? என் கையும் காலும் மாதிரி அது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இருந்தாலும் 'டிரைவர்' என்று சொன்னபோது ஊசி ஒரு தையல் தவறிப் போனதைக் கவனித்தேன். எழுதிக்கொள்.

ஜூன் 9, செவ்வாய்

ஆயில் கசிகிறது என்று மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் பட்டப்பெயர் அவசரம். ஸ்பானரை எடுக்கக் கையை நீட்டுவார். அது கைக்குப் போவதற்குள் டீ ஆறிவிடும். அடியில் டீசல் அடித்துக் கழுவியவர் ஒர்க்ஷாப் பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணே, இது யாரு?"

"யாருப்பா?"

"கீழ எறங்கி வாங்க."

என்ஜினுக்கு அடியில், வருடக் கணக்காகப் படிந்த சேறும் எண்ணெயும் போன இடத்தில், துணி டேப் இற்றுப்போய், ஒயரோடு ஒயர் சேர்க்கிற கப்ளர் ஒன்று தொங்கியது. கறுப்பு, கட்டைவிரல் பருமன், ரெண்டு கால். தடித்த சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒன்று. எதனோடும் சேரவில்லை. கையைத் தொங்கப்போட்டு யாரையோ எதிர்பார்த்து நிற்கிற ஆள் மாதிரி.

"ஸ்டார்ட் ஆகுது. லைட்டு எரியுது. ஹாரன் அடிக்குது. எதுக்கும் இது தேவைப்படல. கம்பெனி போட்ட ஒயரும் இல்ல, யாரோ பின்னாடி இழுத்தது. அப்ப இது யாருக்கு?"

நான் ஓட்டிய வண்டி. இதன் ஒவ்வொரு முனகலும் எனக்குத் தெரியும். இதை மட்டும் நான் பார்த்ததே இல்லை. சாப்பிட உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். பிண வண்டிக்கு இது எதற்கு? ஒரு பிணத்துக்கு என்ன கரண்டு வேண்டியிருக்கிறது?

ஜூன் 10, புதன்

தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை. மகன் ஹாரன் என்கிறான், பால்காரர் திருட்டு அலாரம் என்கிறார். தையல்காரம்மா மட்டும், "பொத்தான் இருந்தா அதை மாட்ட எங்கியோ காஜா இருக்கும். காஜாவைத் தேடுங்க" என்றார்கள்.

ஜூன் 12, வெள்ளி

காஜா கிடைத்துவிட்டது.

அவசரம் டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டு ஒயரைப் பிடித்தபடியே மேலே ஏறினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பழைய சுவிட்ச், மேலே தகடு வைத்து மூடியிருந்தது. தகட்டைக் கழற்றிச் சுவிட்சைத் தட்டினார். கீழே கப்ளரில் செருகி வைத்திருந்த பல்ப் எரிந்தது. பள்ளத்துக்குள் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலம் கழித்தும் உயிரோடு இருக்கிறது என்றதும் கை தட்டிவிட்டேன். அந்தக் கையில் கிரீஸ். முகத்தில் தட்டிக்கொண்டது எப்படி என்று தெரியவில்லை.

பிறகு அவர் என்ஜின் பக்கவாட்டைத் துடைத்தார். கிரீஸ் அடைத்த நாலு போல்ட் துளை. பெல்ட் சுற்றுகிற புல்லியைக் காட்டினார்.

"பெல்ட் எத்தனை?"

"ஒண்ணு."

"பெல்ட் ஓடுற பள்ளம் எத்தனை?"

ரெண்டு. தினமும் பேனட்டைத் திறக்கிறேன், தினமும் பார்க்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

"இங்க ஒரு கம்ப்ரஸர் உக்காந்திருக்கு அண்ணே. ரெண்டாவது பெல்ட் அதைச் சுத்தும். அதோட கிளட்சைப் பிடிக்கவும் விடவும் இந்தக் கப்ளர். பின்னாடி பெட்டியைக் குளுகுளுன்னு வச்சிருக்காங்க."

கண்டுபிடித்தாகிவிட்டது என்று அவர் தோளில் கை போட்டு ஆடாத குறை. டீக்கடைப் பக்கமாக நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ. குளிர வைத்திருக்கிறார்களா? எதைக் குளிர வைப்பார்கள்?

ஜூன் 13, சனி

சேதி எனக்கு முன்னால் மாடிக்குப் போய்விட்டது. போட்டுக் கொடுத்தது பால்காரர்.

"கெடாம இருக்கத்தான் குளிர வைக்கிறது" என்றார் பெரியக்கா. "நீரே கஷ்டப்பட்டு நிரூபிச்சுட்டீரே, டிரைவரே."

ஜூன் 14, ஞாயிறு

ஒண்ணும் எழுத வேண்டாம்மா. போ.

ஜூன் 17, புதன்

அவசரம் ஆள் அனுப்பினார். அவர் அவசரமாக ஆள் அனுப்புவது இதுவே முதல் தடவை. போனேன்.

"அண்ணே, ஒரு விஷயத்தை விட்டுட்டோம். அந்தக் கப்ளர் ஒயரோட ஒரே டேப்புல இன்னொரு ஜோடி சுத்தியிருக்கு. ஒரே ஆள், ஒரே நாள்ல பண்ண வேலை. அது கீழ போகல. மேல போகுது."

டேஷ்போர்டுக்குப் பின்னால் பிரிந்து, கதவுத் தூண் வழியாக ஏறி, கூரைக்குப் போயிருந்தது. கூரையில் ஒரு துளை, அதைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். துளையைச் சுற்றி மூன்று போல்ட் தடம்.

"இது ஸ்பீக்கர் நின்ன எடம்."

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம்: பொணத்துக்கு எதுக்குய்யா ஸ்பீக்கர்?

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. சாவியைக் கொண்டுவந்து கொடுத்தது பழைய டிரைவர். சின்ன வயது ஆள். முன்பல்லில் சந்து. வண்டியைச் சுற்றிக் காட்டிய நேரமெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டே இருந்தார். பிண வண்டி ஓட்டுகிறவர் இப்படிச் சீட்டி அடிக்கிறாரே, நல்ல மனசுக்காரர் என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்தேனே தவிர, மேலே ஒரு படி யோசித்தேனா?

ஜூன் 18, வியாழன்

மாடிப்படியைத் தாண்டித் தாண்டி ஏறினேன். மூச்சு வாங்கியது. ஸ்பீக்கர் சேதியைச் சொன்னேன்.

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாவு ஊர்வலத்துக்கும் பாட்டுப் போடுவாங்க" என்றார். "சோகப் பாட்டு."

அந்த வாய்க்கு ஒரு பூட்டு செய்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

கீழே இறங்கும்போது தையல்காரம்மா கத்திரியும் கையுமாக வாசலில் நின்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றார்கள்; தோள் குலுங்கியது. பிறகு சொன்னார்கள்: "பழைய தையலைப் பிரிச்சாலும் துணியில ஊசி போன தடம் போகாது. பாட்டுப் போட்டு ஊரைக் கூப்பிட்ட வண்டி வெறும் சாம்பல் கலர்லயா போயிருக்கும்? மேல என்னமோ எழுதியிருப்பாங்க, வரைஞ்சிருப்பாங்க. பெயிண்டுக்கு அடியில பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வாங்கிய அன்று பெயிண்ட் ஈரம் கையில் ஒட்டியது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அதன் மேல் நானும் ரெண்டு தடவை அதே சாம்பல் அடித்திருக்கிறேன்.

இந்தம்மாவை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதை மருமகள் பெரிய எழுத்தில் எழுதட்டும்.

ஜூன் 21, ஞாயிறு

காலையிலிருந்து உப்புத்தாள். வலது பக்கத்தில் நான், அவசரம், மகன். மகன் முதலில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மாவும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். சாம்பல் குழம்பாக ஓடியது. அவர்கள் தலையெல்லாம் பெயிண்டுத் துளி. என் கை தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்ததாம். "அப்பா, அங்க தகரமே தெரியுது" என்றான் மகன்.

முதலில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க விரல் விரித்த ஒரு கால்.

"வாத்து" என்றான் மகன்.

"வாத்துக்கு இவ்ளோ பெரிய தொப்பையா?" என்றார் அவசரம்.

வெள்ளைத் தொப்பை, கறுப்பு முதுகு. பென்குவின். ஆள் உயரத்துக்கு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு, ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. கையில் ஒரு கோன் ஐஸ்.

ஐஸ் வண்டி. நான் இத்தனை காலமும் ஓட்டியது ஐஸ் வண்டி. உருகின தண்ணி போகத்தான் சாய்வுத் தரை. உருகின தண்ணி போகத்தான் ஓட்டை. சிரித்துச் சிரித்து வாளியைத் தட்டிவிட்டேன்.

அப்போது மாடியிலிருந்து பெரியக்காவின் குரல் வந்தது. மெதுவான குரல். அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அந்த ஐஸ் உருகி ஒரு சொட்டு கீழ விழுந்திருக்கும். அதோட எடது கால் மேல. செவப்புச் சொட்டு."

இடது கால் இன்னும் சாம்பலுக்கு அடியில்தான் இருந்தது. தையல்காரம்மா குனிந்து தேய்த்தார்கள். மஞ்சள் கால் வந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு சொட்டு.

பெரியக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஈரத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல காலங்காத்தால வந்து நிக்கும். ராத்திரி டூட்டி முடிஞ்சு நான் வருவேன். அந்த நேரத்துல எவ ஐஸ் சாப்புடுவா? நான் ஒருத்திதான். அந்த ஒரு ஐஸ் விக்கத்தான் அந்த வண்டிக்காரன் அங்க வருவான். பாட்டைக்கூடப் போட மாட்டான். நோயாளிங்க தூங்குறாங்கன்னு வாயாலயே சீட்டி அடிப்பான்."

"அக்கா, இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லயே" என்றார்கள் தையல்காரம்மா.

"சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? பாலம் விழுந்துது. அன்னைலேர்ந்து வண்டி வரல. ஆத்தோட போயிட்டான்னு நெனச்சேன். அப்புறம் நான் ஐஸே தொடல."

உப்புத்தாளைப் போட்டுவிட்டு அவர் பக்கம் போனேன்.

"முன்பல்லுல சந்து இருக்குமாக்கா?"

திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தோட போகலக்கா. இப்பத்தான் எல்லாம் புரியுது. பாலம் விழுந்தப்ப வண்டி இந்தக் கரையில மாட்டிக்கிச்சு. வியாபாரமெல்லாம் அந்தக் கரையில. அதான் மொதலாளி வித்துட்டாரு. தரகர் மெஷினையும் ஸ்பீக்கரையும் கழட்டித் தனியா வித்துட்டு, பெயிண்ட் அடிச்சு எங்கிட்ட தள்ளிட்டாரு. எனக்குச் சாவியைக் குடுத்ததே அந்தச் சீட்டிக்காரருதான். அப்புறம் தண்ணி லாரி ஓட்டுனாரு. ஒருதடவை பெட்ரோல் பங்க்ல பாத்தேன், அப்பவும் சீட்டிதான். மார்க்கெட் தீப்பிடிச்ச வருஷம் தவறிட்டாருன்னு தரகர் சொன்னாரு."

பெரியக்கா என்னை முறைத்தார்.

"அப்ப உசுரோட இருந்திருக்கான். உசுரோட இருந்துகிட்டு வராம இருந்திருக்கான். பாவிப்பய. அவனுக்காக நான் எத்தனை வெயில் காலம் ஐஸ் தொடாம இருந்திருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். தங்கை பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் சிரிப்பு. அவசரம் தண்ணீர் கொண்டுவரப் போனார். அது வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

நின்றதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சாவி கைமாறிய அன்று அந்த மனிதர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு எப்போது என்று. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று நினைத்து, படகுத்துறை வரைக்கும் இந்த வண்டியிலேயே கொண்டுபோய் விட்டேன். அவர் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

சொன்னேன்.

பெரியக்கா மறுபடியும் பென்குவின் பக்கம் திரும்பினார்.

"பாலம் விழுந்த மாசம் எங்க எல்லாரையும் பின்கட்டடத்துக்கு மாத்திட்டாங்க" என்றார். "பாலத்துல அடிபட்டவங்க அங்கதான் இருந்தாங்க. ராவும் பகலும் அங்கயே கிடந்தோம். வாசப்பக்கமே நான் வரல." பென்குவினின் தொப்பையை ஒருமுறை தடவினார். "வந்திருக்கான்."

ஜூன் 22, திங்கள்

இடது பக்கத்தையும் தேய்த்தோம். அங்கேயும் ஒரு பென்குவின், பெண். உதட்டுச் சாயம் பூசியிருக்கிறது.

ஜூன் 24, புதன்

நிம்மதி போயிற்று. பால்காரர் மாடு ஏற்ற வண்டி கேட்கிறார். மூன்றாவது வீட்டில் வீடு மாற்றக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலில் வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள்; ஐஸ் இல்லை என்று தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிணம் இருந்த வரைக்கும் எவ்வளவு மரியாதையாக இருந்தேன்.

ஜூன் 26, வெள்ளி

அவசரம் கேட்டார், "அண்ணே, அந்தக் கப்ளரை வெட்டிடவா?" வெட்டினால் கையை உடைப்பேன் என்றேன். புது டேப் சுற்றி, ஒரு கிளிப் போட்டு, அழகாக மேலே கட்டிவிட்டார். காலையில் ஆரம்பித்தார், சாயங்காலம் முடித்தார்.

தையல்காரம்மா எனக்குச் சட்டை தைத்திருக்கிறார்கள். அளவே எடுக்கவில்லை. எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டேன். "எதிர்வீடுதானே" என்றார்கள். மருமகள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நீ எழுது.

ஜூன் 29, திங்கள்

முடிந்தது. நான் கைநாட்டு வைத்தேன், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே பெருவிரலை எடுத்ததில் மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது. அதிகாரி பரவாயில்லை என்றார்.

சொன்ன சொல்லைப் பெரியக்கா காப்பாற்றினார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "ம், எடு" என்றார். மணப்பெண்ணுக்கு இடம் இல்லை. பின்னால் தகரத்துக்குள் ஸ்டூல் போட்டு, மகன், மருமகள், அவசரத்தோடு உட்கார்ந்து வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டூல் சறுக்கிக்கொண்டு போகிற சத்தமும் அவர்கள் சிரிப்பும் கேட்டன. வேண்டுமென்றே ரெண்டு திருப்பம் அதிகமாகப் போனேன்.

திரும்பும்போது புதுப் பாலத்தைத் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னார் பெரியக்கா. எதிரில் ஒரு கடை. மருமகள் போய் எல்லாருக்கும் ஐஸ் வாங்கி வந்தாள். பெரியக்கா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, குச்சி வரைக்கும் சாப்பிட்டார். "அப்ப இன்னும் தித்திப்பா இருக்கும்" என்றார். இன்னொன்று கேட்டார்.

மருமகள் கடைசியாக ஒன்று கேட்கிறாள். இது ஐஸ் வண்டி என்று அந்தக் காலத்தில் தெரிந்திருந்தவர்கள் யார் யார், எழுதி வைப்போம் என்கிறாள். எழுதிக்கொள். மொதலாளி, அவர் போய் நாளாயிற்று. வித்துக் கொடுத்த தரகர், இப்போது இல்லை. பறவையை வரைந்தவர் யாரோ, சாம்பல் பூசி மறைத்தவர் யாரோ. வேலையைப் பார்த்தால் ரெண்டு பேருக்கும் அப்போதே தலை நரைத்திருக்கும் என்று அவசரம் சொல்கிறார். ஓட்டிய சீட்டிக்காரர், அவரும் இல்லை.

உயிரோடு இருப்பது பெரியக்கா ஒருவர்தான்.